ஐந்து வரிக் கடிதம்

“பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு எவன்டி ஸ்காலர்ஷிப் கொடுப்பான்?” என்று மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே வீட்டில்தான் படித்தாள். நாங்கள் இருப்பது ஃபுளோரிடாவில். மாநில அரசின் பிரைட் ஃபியூச்சர்ஸ் உதவித்தொகை வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கும் உண்டு என்பது, அவள் பத்தாவது முடிக்கும் சமயத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அதில் மேல்படிக்குப் பெயர் அகாடமிக் ஸ்காலர்ஸ். கிடைத்துவிட்டால் அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் முழுவதும் கழிந்துவிடும். எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் அந்த வருடத்துக்குக் குறித்த மதிப்பெண்ணை எடுக்க வேண்டும். கூடவே 100 மணி நேரம் சமூக சேவை, இல்லையென்றால் 100 மணி நேரம் சம்பள வேலை. மகள் நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டியே மணிக்கணக்கைச் சேர்த்துவிட்டாள். அந்த மணிக்கணக்குப் படிவத்தில் அவள், நான், நூலகர் மூவரும் கையெழுத்துப் போட்டோம். எஸ்ஏடி பதிவில் பள்ளியின் குறியீட்டு எண் கேட்டபோது கொஞ்சம் விழித்தோம். வீட்டுக்கல்விக்கென்றே 970000 என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை எழுதியதில் மதிப்பெண்ணும் வந்துவிட்டது.

சிக்கியது வேறு இடத்தில். 11, 12 இரண்டு வருடமும் வீட்டுக்கல்வி மாணவியாக கவுண்டி (இங்கே மாவட்டம் மாதிரி) கல்வி அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முகவரி எழுதி, வீட்டில் படிக்க வைக்கப்போகிறோம் என்று ஐந்து வரிக் கடிதம், ஆரம்பித்த 30 நாளுக்குள். நாங்கள் 11ஆம் வகுப்பு நடுவில் வேறு கவுண்டிக்கு வீடு மாறினோம். பழைய இடத்தில் முடிவுக் கடிதம் கொடுத்தேன், புதிய இடத்துக்குப் பதிவுக் கடிதத்தைத் தபாலில் அனுப்பினேன், அப்புறம் மறந்தே போனேன். வந்து சேர்ந்ததா என்று ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

12ஆம் வகுப்பில், அக்டோபர் 1ஆம் தேதி விண்ணப்பம் திறந்ததும் அன்றே நிரப்பினோம். பிறகு அலுவலகத்தில் விசாரித்தால், “11ஆம் வகுப்புக்கு உங்கள் மகள் பெயரே இல்லையே” என்கிறார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் காப்பாற்றியது, வீடு மாறிய அட்டைப் பெட்டிக்குள் கிடந்த பதிவுத் தபால் ரசீது. அதோடு, ஆசிரியை ஒருவர் மகளின் போர்ட்ஃபோலியோவை, அதாவது அந்த வருடப் பாட வேலைகளின் தொகுப்பை, பார்த்து எழுதிக் கொடுத்த வருடாந்தர மதிப்பீட்டை அதே அலுவலகம் வாங்கி முத்திரை குத்தியிருந்தது. இரண்டையும் நேரில் கொண்டுபோய்க் காட்டிய பிறகு பதிவைச் சரிசெய்தார்கள்.

ஃபாஃப்சா, அதாவது அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம், இதைவிடச் சுலபம் என்று நினைத்திருந்தேன். அந்த வருடம் பார்த்து அது 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. பள்ளிப் படிப்பு பற்றிய கேள்விக்கு ‘வீட்டுக்கல்வி’ என்றே ஒரு விடை இருக்கிறது, தயங்காமல் அதைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் வருமானத்துக்கு பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை வரவில்லை, அது வேறு கதை.

பிரைட் ஃபியூச்சர்ஸ் கிடைத்தது. புத்தகத்துக்குத் தந்துகொண்டிருந்த காசை 2021இல் நிறுத்திவிட்டார்கள். விடுதி, சாப்பாடு எல்லாம் நம் கையிலிருந்துதான். சின்னவன் இப்போது ஒன்பதாவது. அவனுடைய கடிதத்தை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கி வந்தேன். பாஸ்போர்ட் இருக்கும் டப்பாவில்தான் அதுவும் இருக்கிறது.