படலையிலிருந்து விறாந்தைக்கு 36 அடி

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டின் படலையிலிருந்து, அதாவது வெளிவாசலிலிருந்து, விறாந்தைப் படி வரை அப்பா 1978ஆம் ஆண்டில் போட்ட சீமெந்துப் பாதை ஒன்று இருந்தது. அது இரண்டரை அடி அகலமானது. காங்கேசன்துறை ஆலைச் சீமெந்து தாராளமாகக் கிடைத்த காலத்து வேலையாதலால், வீட்டுத் தரையை மினுக்குவதைப் போலவே அதையும் மினுக்கியிருந்தார்கள். கோடையில் அதற்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. மாரி தொடங்கி இரண்டு கிழமைக்குள் மாமரத்து நிழல் விழும் பகுதி பச்சையாகிவிடும். மூன்று வருடங்களுக்கு முந்திய ஐப்பசியில் அம்மா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் வெடிப்பு ஏற்பட்ட பிறகுதான், ஒவ்வொரு வருடமும் பிளீச்சிங் பவுடரும் தும்புத்தடியுமாகப் பாசியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுப் பாதையையே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ரொறொன்ரோவில் இருக்கும் தம்பி அன்றிரவே ஏழெட்டுப் படங்களை அனுப்பிவிட்டான். கருங்கல் பதித்தது போன்ற அச்சு, மண்ணிறச் சாயம், அதன்மேல் கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சு எனப் பார்க்க மிக அழகாகத்தான் இருந்தன. ஆனால் அங்கே கொங்கிறீட்டுக்கு எதிரி உறைபனி. நீர் உறைந்து விரிவதற்கு இடம் கொடுக்கக் கலவைக்குள்ளேயே நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்குகிறார்கள், பனியில் வழுக்காமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். நமக்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிட்டு, மீதி மாதங்களில் வெயில் காய்கிறது. எனவே இங்கு வேண்டியது மழையில் வழுக்காத, வெயிலில் வெறுங்காலைச் சுடாத ஒரு பாதை. அம்மா செருப்பை விறாந்தையில் கழற்றினால் முற்றத்துக்கு வெறுங்காலுடன்தான் இறங்குவார். அயலில் ஒரு வீட்டில் போட்டிருந்த கடும் மண்ணிற அச்சுக் கொங்கிறீட்டில் நண்பகல் ஒரு மணிக்கு வெறுங்காலுடன் நின்று பார்த்தேன். பத்து வரை எண்ண முடியவில்லை. சாயம் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது.

ஒன்றோடொன்று பொருத்திப் பரப்பும் இன்டர்லொக் கற்களையும் யோசித்தேன். மழைநீர் இடுக்குகளால் கீழே இறங்கும் என்பது யாழ்ப்பாணத்தில் சிறிய விடயம் அல்ல. வற்றாத ஆறு எதுவும் இல்லாத இந்தக் குடாநாட்டில் கிணற்றில் நாம் அள்ளுவதெல்லாம் மழை சுண்ணக்கல்லுக்குள் இறக்கிவிட்ட நீர்தான். ஆயினும் இடுக்குகளில் முளைக்கும் புல்லும், எறும்பு மணலை வெளியே தள்ளத் தள்ள ஒவ்வொன்றாகத் தாழும் கற்களும், ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவருக்கு ஏற்றவை அல்ல. கட்டம் கட்டமாக வார்த்து இடையில் புல் விடும் பாணியையும் அதே காரணத்தால் ஒதுக்கினேன்.

வேலைக்கு ஒத்துக்கொண்ட மேசனார் அறுபதைக் கடந்தவர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பித் தந்தவர், “தம்பி, இந்த மாரி முடியட்டும். தண்ணி எங்க நிக்குது, எங்கால போகுது எண்டு பாத்துப்போட்டுப் போடுவம்” என்றார். எனக்கு அவசரம்தான், இருந்தாலும் அந்தச் சொல்லை மீற மனம் வரவில்லை. காத்திருந்த காலத்தை வீணாக்காமல், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு நாளில், இரண்டடிச் சதுரத்தில் மூன்று மாதிரிகளை வார்த்துத் தரச் செய்தேன். ஒன்று அப்பா காலத்தைப் போல மினுக்கியது. இரண்டாவது, ஈரம் இறுகுமுன் தும்புத்தடியால் ஒரே திசையில் இழுத்துக் கோடு விட்டது. மூன்றாவது, மேற்பரப்பின் சீமெந்தைக் கழுவிச் சிறுகல் வெளியே தெரியவிட்டது. இறுகிய பின் மூன்றையும் மாமரத்தின் கீழ், பாசிக்கு மிகவும் பிடித்த இடத்தில், அருகருகே கிடத்தினோம்.

அந்தக் கார்த்திகை முழுவதும் நான் குடையுடன் முற்றத்தில் நின்றதைப் பார்த்து ஒழுங்கையால் போனவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. மினுக்கிய மாதிரி மூன்றாம் கிழமையிலேயே பச்சை பூசிக்கொண்டது. செருப்புடன் மிதித்தாலும் கால் முன்னே ஓடியது. கல் தெரியும் மாதிரி நல்ல பிடிமானம் தந்தது, ஆனால் உக்கிய மாவிலைத் துணுக்குகள் கற்களிடையே சிக்கிக் கறுப்பாகப் படிந்தன, அம்மா அதில் வெறுங்காலை வைத்துவிட்டு, “இதில நடக்கிறதுக்கு நான் நேர்த்தியே வைச்சனான்?” என்று கேட்டார். தும்புக்கோடு விட்டதிலும் பாசி வந்தது. வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிழலும் ஈரமும் இருந்தால் எதிலும் வரும். வித்தியாசம் என்னவெனில், அது மெல்லிய படையாகவே வந்தது, பாசியுடனும் கால் பிடித்தது, ஒருமுறை தேய்த்ததும் போய்விட்டது. கோடு ஆழமாக விழுந்த ஒரு மூலையில் மட்டும் அழுக்குத் தேங்கியதால், பின்னர் பாதையில் கோட்டை மெல்லியதாகவே விடச் சொன்னேன்.

முற்றத்தில் நீர் போன போக்கையும் அதே மழையில் கண்டுகொண்டேன். கோண்டாவில் செம்மண் நீரை விரைவாகக் குடிக்கும். ஆனால் ஆண்டாண்டு காலமாக மிதிபட்ட நடுமுற்றம் இறுகிப்போய் எதையும் குடிப்பதில்லை. கூரை ஓட்டிலிருந்து விழும் நீர் படியடியில் குழி பறித்துச் செஞ்சேற்றைச் சுவரில் தெறித்தது. மதிலோரம் செவ்வரத்தை நிற்கும் பக்கத்தில் மட்டும் எவ்வளவு பெய்தாலும் ஒரு மணித்தியாலத்தில் வற்றியது. ஆகவே பாதை செவ்வரத்தைப் பக்கம் சரிய வேண்டும், படிக்கு மேலே கூரை நீரை ஏந்தும் பீலி பூட்ட வேண்டும் என்பவை தாமாகவே தீர்மானமாகின. பாதையை நடுவிலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தைப்பொங்கலுக்குச் சாணத்தால் மெழுகிக் கோலம் போட்டுப் பானை வைக்கும் நிலம் மண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில் அம்மா அசையவில்லை. அகலம் நான்கு அடி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் நடக்க அது போதும், நன்மை தின்மைக்கு நாலு பேர் வந்தாலும் நெருக்கடி இராது.

மாசியில் வேலையைத் தொடங்கினோம். மழை விட்டிருந்தது, சித்திரை வெயில் இன்னும் ஏறவில்லை. பழைய பாதையை உடைத்து, மண்ணை வெட்டி, நான்கு அங்குலம் மக்கி (அடித்தளத்துக்குப் போடும் கல்லும் தூளும் கலந்த நிரப்பு) பரவி நனைத்து இடித்தோம். இந்த இடத்தில் சோம்பினால் மேலே என்ன அழகாக வார்த்தாலும் அடுத்த மாரியில் வெடிக்கும். பாதையின் குறுக்கே, பின்னொரு நாள் தண்ணீரோ மின்சாரமோ கொண்டுபோக வேண்டி வரலாம் என்று, இரண்டு அங்குல எஸ்லோன் (பிவிசி) குழாய் ஒன்றை வெறுமனே புதைத்து வைத்தோம். 36 அடி நீளம், 4 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பு எனக் கணக்கிட்டால் 48 கன அடி. சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, சல்லி நான்கு என்ற கலவைக்கு 50 கிலோச் சீமெந்து ஒன்பது பைகள், கால் கியூப் மணல், அரைக் கியூப் முக்கால் அங்குலச் சல்லி வாங்கினேன் (ஒரு கியூப் என்பது 100 கன அடி). மோட்டார் சைக்கிளுக்கு மேல் எதுவும் ஏறாத பாதை என்பதால் கம்பி போடவில்லை.

முழுவதையும் ஒரே துண்டாக வார்க்காமல் நான்கடிச் சதுரங்களாக ஒன்பது கட்டங்கள் பிரித்து, முதல் நாள் ஒன்றுவிட்டொன்றாக ஐந்தையும், அவை இறுகிய பின் இடையில் இருந்த நான்கையும் வார்த்தோம். கொங்கிறீட் காயும்போது சுருங்கும். வெடிக்க இடம் கொடுக்காவிட்டால் தானே ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளும். படியுடன் சேரும் இடத்திலும் அரை அங்குல இடைவெளி விட்டுத் தார் அட்டை வைத்தார் மேசனார். கலவையில் நீரைக் கூட்டினால் பரவுவது இலகு என்பதால் உதவிக்கு வந்த பையனின் கை அடிக்கடி வாளியை நாடியது. ஒரு பைக்கு ஏறக்குறைய 25 லீற்றர், மணல் ஈரமாயிருந்தால் அதிலும் குறைவு என்று நான் பக்கத்தில் நின்று கணக்குப் பார்த்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் வார்த்து முடித்தோம்.

சரிவு அடிக்குக் கால் அங்குலம், அதாவது நான்கு அடிக்கு ஓர் அங்குலம். நடக்கும்போது அது காலுக்குத் தெரிவதில்லை. தும்புக்கோட்டை நடக்கும் திசைக்குக் குறுக்கே இழுத்ததால் கால் வழுக்குவது தடைப்படுகிறது. அதே கோடுகள் சரிவோடு ஒத்துப் போவதால் ஒவ்வொன்றும் ஒரு சிறு வாய்க்காலாக நீரைச் செவ்வரத்தைப் பக்கம் கொண்டுபோகிறது. அந்த ஓரத்தில் ஓரடி அகலத்துக்குப் பழைய பாதையின் உடைகற்களை நிரப்பியதால் செம்மண் தெறிப்பதும் நின்றது. பின்னர் சாக்கு விரித்து, பத்து நாட்கள் காலையும் மாலையும் கிணற்று நீர் ஊற்றினோம். மூன்றாம் கட்டத்தில் ஒரு காகத்தின் காலடிகள் நான்கு பதிந்துவிட்டன. அழிக்க வேண்டாம் என்று அம்மா சொன்னார்.

ஒரு விடயத்தில் நான் பிழை விட்டேன். நீளவாக்கிலும் படலையை நோக்கி மூன்று அங்குலம் தாழ்த்தியிருந்தோம், மிஞ்சும் நீர் ஒழுங்கைக்குப் போகட்டும் என்று. “படலையடியைக் கொஞ்சம் உயத்துவம் தம்பி, ஒழுங்கைக்கு எப்பெண்டாலும் கொங்கிறீட் வரும்” என்று மேசனார் சொன்னபோது, ஏற்ற இறக்கமாக இருந்தால் பார்க்க வடிவில்லை என்று மறுத்துவிட்டேன். ஆவணியில் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டார்கள். அது எங்கள் படலையடியைவிட ஆறு அங்குலம் உயர்ந்துவிட்டது. அடுத்த மாரியில் முதல் எட்டுக் கட்டங்களும் மழை விட்ட அரை மணித்தியாலத்தில் உலர, ஒன்பதாவதில் மட்டும் நீர் தேங்கி நின்றது. இப்போதைக்கு அம்மா எட்டாவது கட்டம் வரை நடந்து, அங்கிருந்தபடியே மீன்காரருடன் பேரம் பேசுகிறார். வரும் மாசியில் அந்தக் கடைசிக் கட்டத்தை உடைத்து, குறுக்கே கம்பி மூடியிட்ட கான் (வடிகால்) ஒன்றை வார்த்து, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எட்டத்தில் செவ்வரத்தையடியில் உறிஞ்சு குழி ஒன்று வெட்டுவதாக இருக்கிறோம். அரைக் கியூபில் எஞ்சிய சல்லி இன்னும் மதிலோரம் கிடக்கிறது; குழியின் அடிக்கு அது போதும் என்கிறார் மேசனார்.