நீலம் வந்தது, எதிலிருந்து வந்தது?

நொதியைப் போல வேலை செய்யும் ஒரு நுண்துளைக் கரிமப் பாலிமரைத் தயாரித்து, அதைக் கொண்டு குளுக்கோஸை அளக்க வேண்டும். ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நம்பினேன். ஏழு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விக்கு விடை தேடியே போனது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

நான் போலச் செய்ய நினைத்தது பெராக்சிடேஸ் என்ற நொதி வகையை. அவற்றில் பலவற்றின் நடுவில் ஹீம் இருக்கிறது. போர்ஃபிரின் வளையம், அதன் மையத்தில் ஓர் இரும்பு அணு. ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த இரும்பைத் தொட்டதும், பக்கத்தில் வரும் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் நிலைக்கு அது போய்விடுகிறது. சிக்கல் என்னவென்றால், நொதியின் புரத உறை சூட்டுக்கும் அமிலத்துக்கும் தாங்காது. சரி, ஹீமை மட்டும் தனியே எடுத்துப் பயன்படுத்தலாமே என்றால், தண்ணீரில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பெராக்சைடே அவற்றைச் சிதைத்தும் விடுகிறது. அதனால்தான் போர்ஃபிரினையே செங்கல்லாக வைத்து விறைப்பான வலையமைப்பு ஒன்றைக் கட்டுகிறோம். இரும்பு மையங்கள் விலகி நிற்கும். சிறிய மூலக்கூறுகள் துளை வழியாக வந்து போகும்.

பிர்ரோல், டெரெஃப்தாலால்டிஹைடு, ஃபெரிக் குளோரைடு மூன்றையும் அசிட்டிக் அமிலத்தில் கலந்து, மூடிய கலனில் சூடாக்கினேன். பிர்ரோலை அன்றன்றே வாலைவடித்துப் பயன்படுத்துங்கள். பழுப்பேறிய பிர்ரோல் தொகுதியையே கெடுத்துவிடும். எதிலும் கரையாத கறுப்புத் தூள் கிடைத்தது. மெத்தனாலில் ஒரு நாள் சாக்ஸ்லெட் கருவியில் கழுவி உலர்த்தினேன்.

அப்புறம் முதல் சோதனை. பி.எச். 4 அசிடேட் தாங்கல் கரைசலில் டி.எம்.பி. (எலக்ட்ரானை இழந்தால் நீலமாகும் நிறமற்ற பொருள்), பெராக்சைடு, துளி தூள். ஒரு நிமிடத்துக்குள் நல்ல நீலம். 652 நானோமீட்டரில் உச்சம் அழகாக எழுந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தூளை வடிகட்டிட்டு, அந்தத் தண்ணியில போட்டுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. தூளைத் தாங்கல் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்தேன். தெளிவான தண்ணீர். அதில் டி.எம்.பி.யும் பெராக்சைடும் சேர்த்தேன். நீலம். கொஞ்சம் மெதுவாக, ஆனாலும் நீலம்தான்.

காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. தயாரிப்பில் மிஞ்சிய ஃபெரிக் குளோரைடு துளைகளுக்குள் சிக்கியிருந்தது. எந்த நுண்துளையைப் பெருமையாகச் சொன்னேனோ, அதுவே இரும்புக்குப் பதுங்கிடமாகிவிட்டது. அமிலத் தாங்கல் கரைசலில் அது மெல்லக் கசிகிறது. கசிந்த இரும்பு பெராக்சைடோடு சேர்ந்தால் ஃபென்டன் வினை. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் இயங்குறுப்பும் (ரேடிக்கல்) டி.எம்.பி.யை நீலமாக்கும். என் பொருள் நொதியைப் போல நடந்துகொள்கிறது என்று அந்த நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

அதன் பிறகு கழுவல்தான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரவு முழுக்க, பிறகு இரும்பைப் பற்றிக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைசல், தண்ணீர், மெத்தனால், வெற்றிட உலர்த்தல். போர்ஃபிரினுக்குள் பிணைந்த ஃபெரிக் இரும்பு நீர்த்த அமிலத்துக்கு எளிதில் அசையாது. தளர்வாக ஒட்டியிருப்பதுதான் வெளியேறும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கழுவிய அமிலத்தில் பொட்டாசியம் தயோசயனேட் சில சொட்டுகள் விட்டுப் பார்ப்பேன். ஃபெரிக் இரும்பு இருந்தால் இரத்தச் சிவப்பு. முதல் மூன்று சுற்றும் சிவந்தது. நான்காவதில் வெளிர் ஆரஞ்சு. ஐந்தாவதில் எதுவும் இல்லை. தூளை ஊறவைத்து வடித்த தண்ணீரும் அரை மணி நேரம் வரை நிறம் மாறவில்லை.

தூளின் வேகம் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வரைபடத்தைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மிஞ்சிய வேகம் முழுக்க வலையமைப்பினுடையது. 77 கெல்வினில் நைட்ரஜன் உறிஞ்சலை மறுபடி அளந்தபோது பரப்பளவு கூடியிருந்தது, துளைகள் காலியாகிவிட்டன.

வேக அளவீட்டில் இரண்டு விஷயங்கள் மட்டும். பெராக்சைடு புட்டியில் எழுதியிருக்கும் 30 சதவீதத்தை நம்பாதீர்கள், நாள்பட நாள்பட குறையும். 240 நானோமீட்டரில் அளந்து, மோலார் உறிஞ்சல் கெழு 43.6 M⁻¹cm⁻¹ என்று வைத்துச் செறிவைக் கணக்கிடுங்கள். இன்னொன்று, கறுப்புத் தூள் ஒளியைச் சிதறடிக்கும். தூளை மிகக் குறைத்து, டி.எம்.பி. இல்லாத கலவையின் அளவை ஒவ்வொரு முறையும் கழிக்க வேண்டும்.

குளுக்கோஸுக்கு வந்தபோது பி.எச். இடித்தது. குளுக்கோஸை ஆக்சிஜனேற்றி பெராக்சைடை உண்டாக்குவது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி; அந்தப் பெராக்சைடைத்தான் என் தூள் நீலமாகக் காட்டும். அந்த நொதி நடுநிலைக்குப் பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்யும். என் தூளுக்கோ 4 வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குழாயில் போட்டு மூன்று வாரம் வீணாக்கினேன். இரண்டு படியாகப் பிரித்ததும் சரியானது: முதலில் பி.எச். 7-இல், 37 டிகிரியில் நொதி பெராக்சைடை உண்டாக்கட்டும். பிறகு அந்தக் கரைசலை அமிலத் தாங்கல் கரைசலுக்கு மாற்றித் தூளையும் டி.எம்.பி.யையும் சேர்க்கலாம்.

இரத்தச் சீரத்தில் அஸ்கார்பிக் அமிலம் தொல்லை கொடுத்தது. உண்டான நீலத்தை அது திரும்ப நிறமற்றதாக்கிவிடும். குளுக்கோஸ் மில்லிமோலார் அளவில் இருப்பதால் சீரத்தை நூறு மடங்கு நீர்க்க முடிந்தது. நீர்த்த பிறகு அஸ்கார்பிக் அமிலத்தின் குறுக்கீடு தெரியாத அளவுக்குக் குறைந்தது. சரிபார்க்கவென்று சீரத்தில் நான் சேர்த்த குளுக்கோஸ் கிட்டத்தட்ட முழுவதும் கணக்கில் வந்தது.

அன்று மாலை அக்காவிடம் வரைபடத்தைக் கொடுத்தேன். "வடிகட்டின தண்ணி எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். அடியில் தட்டையாகப் போன கோட்டைக் காட்டினேன்.