ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே

சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதினாலு வருஷமாக டயலாக் எடிட்டர். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "சத்தம் எடுக்கிற வேலை" என்பேன். ரெக்கார்டிங் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். நான் சொல்வது நிஜமாகவே எடுப்பது, களைவது. படப்பிடிப்பில் பதிவான வசனத்தோடு ஜெனரேட்டர், காக்கா, தூரத்து ஆட்டோ, யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பது எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைக் களைந்து பேச்சை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிதான்.

இதில் தினமும் முகத்தில் விழிக்கிற எதிரி ஹம், அதாவது கரண்டின் முனகல். நம் ஊர் கரண்ட் வினாடிக்கு 50 தடவை அலைகிறது. எர்த் சரியில்லாத கேபிள் ஒன்று போதும், 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 எல்லாமும் வசனத்துக்கு அடியில் ஜமுக்காளம் விரித்துப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்தாலே கை தானாக மவுஸுக்குப் போய்விடும்.

கை தானாகப் போவதில் ஒரு ஆபத்தும் உண்டு. சில வருஷம் முன்னால் ஒரு படத்தில் வயதான நாடக நடிகை ஒருவர் பாட்டியாகப் பேசியிருந்தார். ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் லேசாக இழுத்து ஒரு மூச்சு, நாக்கில் ஒரு 'ட்ச்'. அத்தனையையும் வழித்துச் சுத்தமாகக் கொடுத்தேன். ஃபைனல் மிக்ஸில் இயக்குநர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "பாட்டி எங்கய்யா?" என்றார். எங்கள் சாஃப்ட்வேரில், எடுத்ததை மட்டும் தனியாகக் கேட்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். பாட்டி அங்கே இருந்தார். அன்று ராத்திரி முழுக்க அவரைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டவைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஸ்டூடியோவில் ரெக்கார்டிங் பார்க்கிற தம்பி ஒருவன் போன ஜூலையில் வந்து நின்றான்.

"அண்ணே, சனிக்கிழமை பெசன்ட் நகர்ல ஒருத்தர் வாசிக்கிறார். நீங்க அவசியம் வரணும்."

"என்ன வாசிக்கிறார்?"

"ட்யூப்லைட் சோக்."

ஒரு வீட்டின் மாடி ஹால். முப்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். நடுவில் ஒரு குட்டை மேஜை. அதன் மேல் இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த பழைய சோக் இரண்டு, கவிழ்த்துவைத்த எவர்சில்வர் குடம், ஒரு தாம்பாளம், ஒலிகளைக் கலக்கிற சின்ன மிக்ஸர், நிறைய ஒயர். எல்இடி வந்தபிறகு எலக்ட்ரீஷியன்கள் கழற்றி மூலையில் போடுகிற அதே சோக்தான். குடத்தின் வயிற்றில், அதிர்வைப் பிடித்து ஒலியாக்க ஒரு பீசோ வில்லையை டேப் போட்டு ஒட்டியிருந்தார். பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் இருந்து பாடுமே, அந்த வில்லை. ரிச்சி தெருவில் கேட்டால் ஒரு கை அள்ளிக் கொடுப்பார்கள்.

ஆரம்பிக்கும் முன் வீட்டுக்காரர், "ஏசியை நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார். பழைய விண்டோ ஏசி, கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் டேக் என்றால் முதலில் ஏசியைத்தான் அணைப்போம், வேர்த்துக் கொட்டினாலும். வாசிப்பவர், "வேண்டாங்க, அதுக்கும் சேர்த்துத்தான் சுருதி வெச்சிருக்கேன்" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

முதல் இருபது நிமிடம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒயர் சுற்றிய ஒரு காயிலை சோக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார், ஸ்பீக்கரில் ஹம். விலக்குகிறார், ஹம் மெலிகிறது. பதினாலு வருஷமாக நான் கொன்றுகொண்டிருக்கும் ஜந்துவை ஒருவர் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? மடியில் என் வலது கை அசைந்துகொண்டே இருந்தது. தம்பி பார்த்துவிட்டு நக்கலாக, "மவுஸ் இங்க இல்லண்ணே" என்றான்.

அப்புறம் அவர், வேண்டிய சுருதியில் ஒலி எழுப்புகிற ஒரு ஆஸிலேட்டரைத் திறந்தார். சோக்கின் இரும்பு அதிர்ந்து எழுப்பும் முக்கிய ஒலி 100 ஹெர்ட்ஸ். மின்சாரம் ஒரு அலைக்கு இரண்டு முறை இரும்பைப் பிடித்து விடுவதால் 50 அங்கே 100 ஆகிவிடும். அதன் பக்கத்தில் இவர் 99ஐ வைத்தார். இரண்டும் சேர்ந்து வினாடிக்கு ஒரு முறை பொங்கி, அடங்கி, மறுபடி பொங்கியது. தம்புராவில் சுருதி சேர்க்கிறவர்கள் இந்தப் பொங்கலைக் கேட்டுத்தான் பிருடையை முறுக்குகிறார்கள். முறுக்க முறுக்க அலை நிதானமாகி, சேர்ந்த இடத்தில் நின்றுவிடும். இவர் சேர விடவே இல்லை. ஹாலே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. என் கை எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

எல்லாமே பிரமாதம் என்று சொல்லமாட்டேன். தாம்பாளத்தை உரசிய பகுதி, கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தைத் தாண்டி எங்கும் போகவில்லை. முன்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து முழுசாகப் படமெடுத்துக்கொண்டிருந்ததும் எரிச்சல். போன் ஸ்பீக்கரில் அந்த 100 ஹெர்ட்ஸ் எங்கே வரப்போகிறது?

கடைசியில் சோக்கையும் ஆஸிலேட்டரையும் இறக்கிக்கொண்டே வந்து, குடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். ஏசி மட்டும் ஓடியது. இரண்டு நிமிடம் இருக்கும். அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் 'டக்'கென்று நின்றது. குடத்தை ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். கைதட்டலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டீ குடிக்கும்போது அவரிடம், "இது எந்தச் சுருதி சார்?" என்று கேட்டேன். "அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேல. கரண்ட் எங்க நிக்குதோ அங்க நானும்" என்றார். சரிதான். கட்டை என்பது ஹார்மோனியக் கட்டைக் கணக்கில் சுருதியின் உயரம். ஐந்து கட்டை கீழ் ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ், இது 100. கிரிட்டை, அதாவது நாடு முழுக்க இணைந்த மின்வலையை, 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவே வைத்திருக்க வேண்டும் என்பது விதி, ஆக அந்தச் சுருதியும் நாள் முழுக்க மயிரிழை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பாடகிகள் பலர் ஐந்து கட்டையில் பாடுகிறார்கள். வீட்டு ஃப்ரிட்ஜும் ஏறக்குறைய அதே சுருதியில் முனகுகிறது என்பது அத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

திரும்பும்போது பைக்கில் தம்பி விடாமல் பேசிக்கொண்டு வந்தான். 1948லேயே பாரிஸில் பியர் ஷெஃபர் என்ற வானொலிப் பொறியாளர் ரயில் சத்தத்தைப் பதிவுசெய்து அதையே இசையாக்கி வானொலியில் ஒலிபரப்பினாராம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ல் மூக் என்ற, மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் சிந்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடமே இருந்ததாம். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலைச் செருகி ஜீவா பிடிக்கிறோம். மிருதங்கத்தின் வலந்தலையில் குச்சி செருகுகிறோம். சுத்தமான நாதத்தில் கொஞ்சம் இரைச்சல் ஏற்றுவதற்கு நாமே கூலி கொடுத்திருக்கிறோம். அதே ஊரில் எனக்கு இறக்குவதற்குக் கூலி.

திங்கட்கிழமை வந்த முதல் ரீலில், அடுப்படியில் இரண்டு பேர் பேசுகிற சீன். அடியில் ஃப்ரிட்ஜ். எடுத்தேன், எடுக்காவிட்டால் தயாரிப்பாளர் விடுவாரா? ஆனால் எடுத்ததை மட்டும் தனி ஃபைலாகச் சேமித்தேன். இப்போது அப்படி நாற்பதுக்கு மேல் இருக்கின்றன: வளசரவாக்கம் வீட்டு ஃப்ரிட்ஜ், பல்லாவரம் ஜெனரேட்டர், மகாபலிபுரம் போகிற வழியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

போன வாரம் டிஸ்க்கில் இடமில்லை என்று அசிஸ்டென்ட் பையன் பழசையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தான்.

"சார், குப்பைன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. தூக்கிடவா?"

"அதை மட்டும் விட்டுடுப்பா."