லண்டன் குடோன்ல ஒரு விக்டோரியா காலத்து பாடிஸ், உள்பக்கம் திருப்பி பார்த்தாச்சு!

முதல்ல கோபத்தை கொட்டிடறேன். ஸ்ட்ராட்ஃபோர்ட்ல மழை பிடிச்சுக்குச்சு, புக் பண்ண நேரம் தவறிடுமேன்னு ஒரு கேப் ஏறினேன், பத்து நிமிஷம்கூட ஓடல, 18 பவுண்ட் வாங்கிட்டான். நம்ம காசுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல! ஈஸ்ட் ஹாம்ல நம்மாளுங்க கடைல ரெண்டு நாள் சாப்பாடு அது. ஹாக்னி விக் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடுங்க, பக்கம்தான்.

போன இடம் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ். வி அண்ட் ஏ, அதாவது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தோட குடோன், 2012 ஒலிம்பிக்ஸுக்கு மீடியா சென்டரா இருந்த கட்டடத்துல 2025 மே 31 அன்னிக்கு திறந்தாங்க, ரெண்டரை லட்சம் பொருளுக்கு மேல இருக்கு. உள்ள போக காசு இல்ல. ரெண்டு வாரம் முன்னாடி ஆன்லைன்ல கேட்டா அஞ்சு பொருள் வரைக்கும் எடுத்து மேஜைல வெச்சு காட்டறாங்க, அதுவும் இலவசம், லண்டன்ல இதைவிட நல்ல விஷயம் எனக்கு எதுவும் கிடைக்கல. நான் கேட்டது 1890-கள்ல தைச்ச ஒரு பட்டு பாடிஸ், அதாவது பாவாடைக்கு மேல தனியா போடற, உடம்போட ஒட்டின சட்டை. ஒரே பாவாடைக்கு பகலுக்கு ஒண்ணு ராத்திரி விருந்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பாடிஸ் தைச்சுக்கறதும் உண்டு.

அம்மா மதுரைல முப்பது வருஷமா ப்ளவுஸ் தைக்கறாங்க, அதனால எந்த சட்டையா இருந்தாலும் நான் உள்பக்கம்தான் முதல்ல பார்ப்பேன். மேஜைல எடுத்து வெச்ச, கையுறை போட்ட மியூசியம் பொண்ணுகிட்ட உள்ள காட்ட முடியுமான்னு கேட்டேன், மெதுவா விரிச்சு காட்டினா, எனக்கு பேச்சே வரல. வெளிய கத்திரிப்பூ நிறப் பட்டு, தோள்கிட்ட பலூன் மாதிரி பெரிய பஃப் கை (1895 வாக்குலதான் இந்தக் கை உச்சத்துல இருந்துச்சு). உள்ள சாதா காட்டன் லைனிங். நீளத் தையல் எல்லாம் மிஷின்ல ஓட்டிட்டு ஓரத்தை மட்டும் ஓவர்லாக் மாதிரி கையாலயே சுத்தி சுத்தி தைச்சிருக்காங்க, ஒவ்வொரு தையலும் அரிசி அளவு. பிரின்சஸ் கட் மாதிரி வளைஞ்சு வர்ற தையல் மேல எல்லாம் நாடாக்குள்ள குச்சி சொருகி வெச்சிருக்கு. இந்த மாதிரி குச்சிக்கு திமிங்கலத்தோட வாய்ல சீப்பு மாதிரி தொங்கற தகட்டை வெட்டி போடுவாங்க, இல்லன்னா ஸ்டீல் பட்டை. இடுப்பை இறுக்கத்தான் இந்தக் குச்சின்னு நிறைய பேர் எழுதறாங்க, தப்பு. இறுக்கறது உள்ள போடற கார்செட்டோட வேலை, இது மேல் துணி சுருங்கி ஏறாம நிக்கறதுக்கு.

இடுப்புல உள்ளுக்குள்ள ஒரு பட்டி, அதுக்கு தனியா கொக்கி. அதை முதல்ல மாட்டிட்டா இழுப்பெல்லாம் அதுல போயிடும், முன்பக்க கொக்கி தெறிக்காது. எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாருங்க! அக்குள்கிட்ட வேர்வைக்கு வெச்ச பேட், அதைச் சுத்தி பழுப்பா ஒரு கறை. அந்தக் கறையை ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன்.

பட்டு ஒரு இடத்துல கோடு கோடா கிழிஞ்சிருந்துச்சு. அப்போ பட்டுக்கு எடை ஏத்த தகர உப்புல ஊற வைப்பாங்க, அப்படி ஊறின பட்டு காலப்போக்குல இப்படித்தான் தானா வெடிக்கும். வித்தவன் அன்னிக்கே காசு பார்த்துட்டு போயிட்டான். தைச்சவளோட ஒரு தையல்கூட விடல.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள பொம்மைக்கு மாட்டி வெச்சா இதுல எதுவும் தெரியாது. டிரஸ் செக்ஷன் வெச்சிருக்கற மியூசியம் எல்லாம் ஒண்ணையாவது திருப்பி வெச்சுதான் ஆகணும்.

மதியம் கேஃப்ல ஒரு சாண்ட்விச், 7 பவுண்ட், சப்புனு இருந்துச்சு. ராத்திரி ஈஸ்ட் ஹாம்ல சுடச்சுட கொத்து பரோட்டா சாப்பிட்டுட்டே அம்மாவுக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "பிரிச்சு விட உள்ள துணி விட்டிருக்காளாடி?"ன்னாங்க.

"ஒரு இன்ச்சுக்கு மேல இருக்கும்மா, ரெண்டு பக்கமும்."

"நல்ல தையக்காரி"ன்னாங்க.