யாராவது ஒருத்தர் கீழே இருக்கணும்

2025 செப்டம்பர் 22, திங்கள்

இன்று எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தில் டவுன்ஹால், கம்பெனிப் பொதுக் கூட்டம். மாதம் ஒரு தடவை தலைமையகத்துப் பெரியவர் ஒருவர் கலிபோர்னியாவில் இருந்து திரையில் வந்து, எதை வேண்டுமானாலும் கேளுங்கள், பேர்கூடப் போட வேண்டாம் என்பார். நாம் கேள்வியை டைப் பண்ணலாம், பிடித்திருந்தால் மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். ஜூனில் வீட்டுக்கு அனுப்பிய பதினோரு பேரின் வேலையை இனி யார் பார்ப்பது என்று யாரோ கேட்டிருந்தார்கள். நான் பார்த்தபோது 64 ஓட்டு. பாலில்லாத தே ஓ டீ கலக்கிக்கொண்டு திரும்பி வந்தால் கேள்வியைக் காணோம். பட்டியலில் முதலில் இருந்தது, சாங்கி பிசினஸ் பார்க் பேன்ட்ரியில் ஓட்ஸ் பால் வைப்பீர்களா என்பது. அதற்கு நாலு நிமிடம் பதில். வைப்பார்களாம்.

கேட்டது நான் இல்லை. ஓட்டுக்கூடப் போடவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

கேலிபரேஷன் சீட், அதாவது ஆட்களை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் தாள், வந்துவிட்டது. என் டீமில் ஏழு பேர், ஏழு வரிசை, ஆளுக்கு ஒரு கட்டம். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, ஒருவரையாவது 'எதிர்பார்ப்புக்குக் கீழே' போட வேண்டியிருக்கும் என்றார். கட்டாயமா என்று கேட்டேன். கட்டாயமெல்லாம் இல்லை, வழிகாட்டு விகிதம்தான் என்றார். சரி, வழிகாட்டுதல்தானே, நான் ஏழு பேரையும் மேலேயே போடுகிறேன் என்றேன். அப்படிப் போட்டால் சிஸ்டம் சப்மிட் ஆகாது என்றார், முகத்தில் கொஞ்சம் வருத்தத்தோடுதான். ஆள் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர் அவருக்கும் ஒரு சீட் அனுப்பியிருப்பார்.

மைக்ரோசாஃப்ட் இந்த வரிசைப்படுத்தும் பழக்கத்தை 2013 நவம்பரிலேயே தூக்கிப் போட்டுவிட்டது. நாங்கள் 2025இல் புதிய கலாசாரம் என்று அதைக் கொண்டு வந்திருக்கிறோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

சர்டிபிகேட் கதையை எழுதி வைக்க வேண்டும், பின்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

டீமில் ஒரு திருச்சித் தம்பி இருக்கிறான். பேச்சு குறைவு, டெமோவில் மைக்கைப் பிடிக்க மாட்டான். போன வாரம் ஒரு மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு என் மேசைக்கு வந்து, "அக்கா, ஒண்ணு காட்டணும்" என்றான். வங்கிகளின் கணினிகள் எங்கள் கணினிகளோடு பேசும் வழிக்கு ஏபிஐ என்று பேர். அதன் அடையாளச் சான்றான சர்டிபிகேட், வரும் 20ஆம் தேதி காலை எட்டு மணியோடு காலாவதி, அப்புறம் இணைப்பு நின்றுவிடும். தீபாவளி அன்று. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான், முப்பது நாளுக்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடி முடிந்திருக்க வேண்டும். ஏன் ஓடவில்லை என்று தோண்டியிருக்கிறான். ஜூனில் அனுப்பிய பதினோரு பேரில் ஒருவருடைய கணக்கில் அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கணக்கை மூடியதும் ஸ்கிரிப்டும் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று எச்சரிக்கும் மின்னஞ்சல் யாருக்குப் போனது என்றால், அதுவும் அவருக்குத்தான். மூடிய பெட்டிக்கு ஒவ்வொரு இரவும் ஒரு கடிதம்!

இரண்டு நாளில் எல்லாவற்றையும் பொதுக் கணக்குக்கு மாற்றி, புது சர்டிபிகேட் போட்டு, எச்சரிக்கை டீம் முழுவதற்கும் வருவதுபோல் செய்துவிட்டான். இப்போதாவது ஒரு சர்டிபிகேட்டுக்கு 398 நாள் வரை ஆயுள் உண்டு. 2026 மார்ச் 15 முதல் 200 நாள்தான், 2029இல் 47 நாளாகிவிடும். கையால் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இருக்காது. இதையும் அவன்தான் சொன்னான், யாரோ திட்டுவார்களோ என்பதுபோல் மெதுவாக.

அக்டோபர் 17, வெள்ளி

கேலிபரேஷன் கூட்டம் மூன்று மணி நேரம். அறைக்குள் ஆறு டீம் லீட், திரையில் நாலு பேர். அவரவர் ஆட்களுக்காக அவரவர் வாதாட வேண்டும், ஏலக்கடைதான். அமெரிக்காவில் பேர் தெரிந்த ஆள் என்றால் அரை நிமிடத்தில் மேலே போய்விடுகிறது. "ஆமாம், அந்த டெமோ பண்ணின பையன்தானே, நல்ல பையன்." அவ்வளவுதான், அடுத்த பேர்.

தம்பி முறை வந்தபோது சர்டிபிகேட் கதையை முழுசாகச் சொன்னேன். திரையில் ஒருவர் கேட்டார்: "இதனால் எத்தனை மணி நேரம் சேவை நின்றது?" நிற்கவே இல்லை என்றேன். "அப்படியானால் இம்பாக்ட் என்ன?" நான் வாயைத் திறந்து மூடினேன். நின்றிருந்தால், தீபாவளி அன்று ராத்திரி வரைக்கும் அவன் உட்கார்ந்து சரி பண்ணியிருந்தால், இந்நேரம் அவனுக்கு ஒரு விருதும் ஒரு டி-சர்ட்டும் கொடுத்திருப்பார்கள்.

என் டீமில் கீழே போனவன் அவன்தான். நான் போடவில்லை, மேனேஜர் போட்டார். ஆனால் சிஸ்டத்தில் மதிப்பிட்டவர் என்ற இடத்தில் என் பேர்தான் வரும்.

மனதில் வேறு ஒன்றும் ஓடுகிறது. ஆள்குறைப்பு என்றால் ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும், இரண்டு வருடம் வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது இங்கே வழக்கம். கீழே என்று எழுதிவைத்து, ஆறு மாதத்தில் அந்த ஆளே வெறுத்துப்போய்க் கடிதம் கொடுத்துவிட்டால் இது எதுவுமே வேண்டாம். அதற்காகத்தான் செய்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. கணக்குத் தெரிந்தவர்கள்தான் மேலே இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

அக்டோபர் 20, தீபாவளி

காலை எட்டு மணிக்குக் கையில் இட்லித் தட்டோடு போனைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

தலைமையகத்தோடு இரவு பதினோரு மணி கால் வழக்கம்போல் உண்டு, அங்கே அவர்களுக்குச் சாதாரணத் திங்கள்கிழமை காலை எட்டு மணி. மாமியார் வீட்டுப் படுக்கையறையில் புடவையோடு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். "ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா..." என்று ஆரம்பித்தவர், மைக் திறந்திருக்கிறதோ என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். மைக் மூடித்தான் இருந்தது. இந்த வருடம் லிட்டில் இந்தியா, தேக்கா பக்கமே போகவில்லை.

அக்டோபர் 29, புதன்

தம்பியிடம் சொன்னேன். அறைக்குள் வைத்துச் சொல்ல மனம் வரவில்லை, கீழே காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனேன். டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் போட்டு இடம் பிடித்துவிட்டு, இரண்டு தே தாரிக் வாங்கி வந்து வைத்தான். நான் சொல்லி முடிக்கும்வரை தம்ளரின் விளிம்பில் ஒட்டியிருந்த நுரையை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கோபப்படுவான், சர்டிபிகேட்டைப் பற்றிக் கேட்பான் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவன் கேட்டது வேறு. "அக்கா, அடுத்த வருஷம் என் பாஸ் ரினியூவல். இதனால ஏதாவது ஆகுமா?"

ரேட்டிங் மனிதவள அமைச்சுக்குப் போகாது, அதைச் சொன்னேன். ஆனால் கீழே இருப்பவருக்கு இன்கிரிமென்ட் கிடையாது. போன வருடம் செப்டம்பரில் இருந்து எம்பிளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியைப் புதுப்பிக்கவும் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கில் 40 புள்ளி வேண்டும், அதில் சம்பளத்தை அதே துறையில் அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டுத்தான் புள்ளி போடுகிறார்கள். வயது ஏற ஏறக் குறைந்தபட்சச் சம்பளமும் ஏறும். சம்பளம் நின்ற இடத்தில் நிற்க, வயது மட்டும் நிற்காது. இதை எனக்கு முன்னாலேயே அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அவன் மனைவி ஜூலையில்தான் இங்கே வந்தாள்.

"நீங்க எனக்காகப் பேசினீங்களாமே, கேள்விப்பட்டேன்" என்றான். பேசினேன் என்றேன். பேசினது போதுமா என்று அவன் கேட்கவில்லை. தே தாரிக்குக்குக் காசும் கொடுக்க விடவில்லை. எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். பதினோரு மணிக் கால் தானாகவே நள்ளிரவு பன்னிரண்டுக்குப் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, காலண்டரே நகர்த்திக்கொண்டது. மார்ச் வரை இப்படித்தான்.

இன்று மதியம் தம்பி ரேட்டிங் பக்கத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அழுத்திவிட்டான், எனக்கு அறிவிப்பு வந்தது. கருத்து எழுதும் கட்டம் காலி. எழுதியிருக்கலாமே என்று கேட்கப் போனேன், அதற்குள் அவனிடமிருந்து ஒரு சீட் வந்து சேர்ந்தது. ஜூனில் போன பதினோரு பேரின் கணக்குகளையும் தேடிப் பார்த்திருக்கிறான். நின்றுபோன வேலைகள் பதினான்கு: எது எப்போது உடையும், உடைந்தால் எந்த வங்கி முதலில் கத்தும், சரி பண்ண எத்தனை மணி நேரம் ஆகும், எல்லாம் வரிசையாக. பொறுப்பாளர் என்ற கடைசிக் கட்டத்தை மட்டும் பதினான்கு வரிசையிலும் காலியாக விட்டிருந்தான்.

பன்னிரண்டு மணிக் காலில் யாரோ காலாண்டு இலக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கை மூடிவிட்டு முதல் ஒன்பது வரிசையில் என் பேரைப் போட்டேன். மிச்சம் ஐந்துக்கு மேனேஜர் பேரைப் போட்டு, அவருக்கே அனுப்பிவிட்டேன்.