தேர்டு லைனுக்கு மாறிய கதை

நான் எச்ஐவிக்கான கூட்டு மருந்து சிகிச்சையான ஏஆர்டியைத் தொடங்கியபோது ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றும்தான் மருந்து. அரசு 2004-இல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. அப்போதெல்லாம் சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) பார்ப்பார்கள், வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) வழக்கமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் சிடி4 இறங்குவதற்கு ரொம்ப முன்பே வைரஸ் மருந்தை மீறிவிடும். அந்த இடைவெளியில் மருந்துக்கு அடங்காதபடி தன் மரபணுவில் ஒவ்வொரு மாற்றமாகச் சேர்த்துக்கொண்டே போகும். அப்புறம், முதல் மருந்துகள் கேட்காதபோது கொடுக்கும் செகண்ட் லைனில் அட்டசானாவிர். அதிலும் வைரல் லோடு ஆயிரத்தைத் தாண்டியதும் எந்தெந்த மருந்துக்கு வைரஸ் அடங்காது என்று பார்க்கும் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தார்கள்.

"ரிசல்ட் வரும்வரை மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். கேட்காத மாத்திரையை எதற்குப் போடுவது என்று எனக்கு எரிச்சல். நிறுத்தினால் மாற்றமில்லாத பழைய வைரஸ் வேகமாகப் பெருகிவிடுமாம். மாறியவை உடம்பில் பதுங்கியிருந்தாலும் டெஸ்ட்டில் தெரியாது. ரிப்போர்ட் நன்றாக இருக்கும், அதை நம்பிக் கொடுக்கும் மருந்து வேலை செய்யாது.

ரிப்போர்ட்டில் கே103என், எம்41எல், டி215ஒய், எம்184வி, ஐ84வி என்று வைரஸில் நேர்ந்த மாற்றங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொன்றின் கனமும் வேறு. கே103என் ஒன்றே போதும், நெவிராபினும் எஃபாவிரன்ஸும் அவுட். எம்41எல், டி215ஒய் இரண்டும் ஸ்டாவுடின் காலத்துச் சொத்து. டெனோஃபோவிர் என்ற மருந்தின் வேலையையும் ஓரளவு மட்டுப்படுத்தும். ஐ84வி அட்டசானாவிரைக் கெடுத்தது. தேர்டு லைன் மருந்தான டாருனாவிரை முழுதாகக் கெடுக்கவில்லை, ஆனால் அதைத் தினம் ஒரு தடவை போட்டால் போதாது, காலை மாலை இரண்டு வேளையும் போட வேண்டும்.

என்னை ஆச்சரியப்படுத்தியது எம்184வி. இது இருந்தால் லாமிவுடின் வைரஸை நேரடியாக அடக்காது. ஆனாலும் அந்த மருந்தை விடவில்லை. இந்த மாற்றத்தைச் சுமக்கும் வைரஸ் பெருகுவதில் மந்தமாகிவிடும், டெனோஃபோவிருக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பணியும். லாமிவுடினை எடுத்துவிட்டால் வைரஸ் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். தோற்றுப்போன மருந்தை வேண்டுமென்றே வைத்திருப்பது எனக்குப் பிடித்த தந்திரம்.

தேர்டு லைனுக்கு மாற்ற, என் ஃபைல் எக்ஸ்பர்ட் பேனல் என்ற நிபுணர் குழுவுக்குப் போய் ஒப்புதல் வரும்வரை காத்திருந்ததுதான் பெரும்பாடு. கடைசியில் டாருனாவிர் 600 மி.கி., அதற்குத் துணையாக ரிட்டோனாவிர் 100 மி.கி., தினம் இரண்டு வேளை. டோலுடெக்ராவிர் 50 மி.கி. தினம் ஒரு தடவை. கூடவே டெனோஃபோவிர், லாமிவுடின். டோலுடெக்ராவிர் வகை மருந்தை நான் அதுவரை தொட்டதே இல்லை, அதனால் வைரஸுக்கும் அது புதுசு. அடுத்த வைரல் லோடில் வைரஸ் கண்டறியப்படவில்லை என்று வந்தது.

புதிதாக மாறுகிறவர்களுக்கு: டாருனாவிரைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பு சரியாக ஏற்காது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்கள் டோலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் போட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.