ஒட்டுவதா, மாற்றுவதா: உடைந்த கார்ப் பிளாஸ்ரிக் பற்றிக் கிளிநொச்சிப் பட்டறைக் குறிப்புகள்

2025 ஜூலை 4

பழைய டீஎக்ஸ் வாகன் கார் ஒன்றின் முன் கிறில், அதாவது ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்ரிக் சட்டம். ஏ-9 வீதியில் மாடு குறுக்கே வந்ததில் நடுவே பிளந்து, இடப்பக்கப் பிடிகாது (திருகு பூட்டும் காது) தனியாகக் கழன்றிருக்கிறது. உரிமையாளர் துண்டுகளை உரப்பையில் பொறுக்கிக் கொண்டுவந்தது பெரிய உதவி. உடைந்த வாய்கள் பொருந்தினால் வடிவம் தானாக வரும். துண்டு தொலைந்தால் அதை வார்த்தெடுக்க வேண்டும்.

முதலில் இது என்ன பிளாஸ்ரிக் என்று தெரிய வேண்டும். இந்த வயதுக் கார்களில் ஏபிஎஸ், பிபி (பொலிபுரொப்பிலீன்) என்று பிளாஸ்ரிக் வகையைச் சொல்லும் அச்சு பின்பக்கத்தில் அநேகமாக இராது. மறைவான இடத்தில் நகக்கண் அளவு சீவித் தண்ணீரில் போடுங்கள். ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டால் காற்றுக் குமிழ் ஒட்டி ஏமாற்றாது. மிதந்தால் பொலிபுரொப்பிலீன் அல்லது பொலித்தீன். தாழ்ந்தால் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 30 கிராம் ஆனையிறவு உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். ஏபிஎஸ்ஸும் வெறும் நைலோனும் மேலே வரும். பிவிசியும், பேக்லைற் என்ற உருகாத கடும் பிளாஸ்ரிக்கும் அடியிலேயே கிடக்கும். கடைசிச் சோதனை அசற்றோன். பஞ்சில் தொட்டுப் பத்து விநாடி அழுத்த ஏபிஎஸ் பிசுபிசுக்கும், நைலோன் அசையாது. கிறில் பிசுபிசுத்தது. ஒட்டலாம்.

இரவே பசை ஊறப்போட்டாயிற்று: 10 கிராம் ஏபிஎஸ் சீவல், 20 மில்லிலீற்றர் அசற்றோன், தகர மூடி போட்ட கண்ணாடிப் போத்தல். சீவலுக்குப் பழைய ஹெல்மெற் ஓடு உதவும், அதுவும் அசற்றோனில் பிசுபிசுத்தால் மட்டும். நகப்பூச்சு அகற்றியை வாங்கி வராதீர்கள். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும்.

ஜூலை 5

வெய்யில் ஏறமுன் தொடங்க வேண்டிய வேலை. அசற்றோன் 56 பாகையில் கொதிப்பது. மத்தியான வெக்கையில் பசை உடனே தோல் போட்டுவிடும், தோலுக்கடியில் குமிழ் அடைபடும், அந்த இடம் கடற்பஞ்சு மாதிரி பலவீனமாகும்.

வெடிப்பு முடியும் நுனியில் 2 மில்லிமீற்றர் துளை. அது இல்லாவிட்டால் ஒட்டிய பிறகும் வெடிப்பு நடந்துகொண்டே போகும். பின்பக்கத்தில் வெடிப்பு நெடுக ‘வி’ வடிவப் பள்ளம், தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு. இருபுறமும் 2 சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பெயின்ரையும் குரோம் முலாமையும் 120 இலக்க அரத்தாளால் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அசற்றோன் முலாமை ஊடுருவாது. துண்டுகளைப் பொருத்தி முன்பக்கம் மாஸ்கிங் ரேப் ஒட்டி, ஊசிச் சிறிஞ்சால் வெறும் அசற்றோனை மூட்டில் ஓடவிட்டு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பது. அதன் பிறகுதான் பசை. ஒரு தடவைக்கு 1 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், இடையில் அரை மணித்தியாலம்.

பிடிகாது தனிக் கதை. முழு அதிர்வும் அதில்தான் விழும், வெறும் பசை தாங்காது. தேத்தண்ணி வடியின் துருவேறா வலையைக் காதின் அடியிலும் உடலிலுமாக வெட்டி வைத்து, 40 வோற் சோல்டரிங் அயனால் இரண்டு இரண்டு விநாடியாகத் தொட்டுப் பதித்து, மேலே பசை. புகைந்தால் சூடு அதிகம். சோளகக் காற்று வீசும் பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

சுப்பர் குளூ போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் வேலையை இரட்டிப்பாக்குகிறவர்கள். காய்ந்தால் கண்ணாடிபோல விறைத்து, அதிர்வில் விட்டுவிடும். சுற்றிவர வெள்ளை பூக்கும். மிச்சம் முழுவதையும் சுரண்டாமல் அசற்றோன் மூட்டுப் பிடிக்காது.

பெயின்ருக்குக் குறைந்தது இரண்டு நாள் பொறுக்க வேண்டும். உள்ளே அசற்றோன் மிஞ்சியிருந்தால் பிறகு மூட்டு அமுங்கிக் கோடு மேலே தெரியும்.

ஜூலை 7

அதே வாகனின் ஹீற்றர் பெட்டியும் வைப்பர் தண்ணீர்ப் போத்தலும். இரண்டும் மிதந்தன, அதனால் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. சூடுகாற்றுத் துப்பாக்கிதான், ஏறக்குறைய 300 பாகையில். பெட்டி பொலிபுரொப்பிலீன்: உடைந்த பிளாஸ்ரிக் கதிரைக் காலில் 4 மில்லிமீற்றர் கீற்று வெட்டி அதையே பற்றுக்கம்பியாக உருக்கலாம். கீற்றும் தண்ணீரில் மிதக்க வேண்டும். தாழ்ந்தால் சுண்ணாம்புத் தூள் கூடக் கலந்த கதிரை, நொறுங்கும். போத்தல் பொலித்தீன்: நீலப் பரல் (பிளாஸ்ரிக் பீப்பாய்) துண்டு பொருந்தும். இரண்டையும் மாறிப் போட்டால் ஒட்டியதுபோல் நிற்கும், ஆறியபின் விரலால் இழுக்க உரிந்து வரும்.

ஜூலை 10

பெட்டி வடிவப் பழைய லான்சர் கார். ரேடியேற்றர் விசிறியின் ஓர் அலகு அடியில் மயிர் அளவு வெடிப்பு, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் மூடியிலும் ஒரு கீறல். “அண்ணை, உந்த அறல்டைற்றைக் கொஞ்சம் பூசிவிடுங்கோவன்” என்றார் வந்தவர். முடியாது. சுழலும் அலகு கழன்றால் ரேடியேற்றரைக் கிழிக்கும், பொனற் திறந்து நிற்பவரின் முகத்துக்கும் வரும். ஒட்டிய அலகு பாரச் சமநிலையைக் கெடுத்து வோட்டர் பம்ப் பெயாரிங்கையும் தின்னும். மூடி பேக்லைற், உருகாது. கீறலுக்குள் கரி படிந்தால் பல்லாயிரம் வோல்ற் அந்தக் கரிக்கோட்டு வழியே ஓடி இஞ்சின் தட்டுத்தடுமாறும், மாரி ஈரத்தில் ஸ்ராட்டே வராது. பிரேக் எண்ணெய்க் கிண்ணத்துக்கும் இதே தீர்ப்புத்தான். சுழல்வது, தீப்பொறி கடத்துவது, பிரேக்கோடு சேர்ந்தது: மாற்றம் மட்டுமே. விசிறியையும் கிண்ணத்தையும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பழையதாக வாங்காமல் புதிதாக வாங்குங்கள். மற்ற வாகனத்தில் அது எவ்வளவு வெக்கை தின்றதென்று யாருக்குத் தெரியும்.

ஜூலை 15

மொறிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலக் கார், ஸ்ரியறிங் வளையம். தகட்டு வேலைக்கு இந்த நாட்டில் கை உண்டு. மாத்தறையில் மைனருக்குத் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றினார்கள். வளைய வெடிப்புத்தான் அலுப்பு. இரும்புக் கம்பிமேல் வார்த்த பிளாஸ்ரிக் வயதோடு சுருங்குகிறது, கம்பி சுருங்குவதில்லை. ஆகவே வெடிக்கிறது.

வாள் அலகால் இரும்பு தெரியும்வரை ‘வி’ வெட்டி, கறளை முழுதாகத் தேய்த்து எடுக்க வேண்டும். மிஞ்சிய கறள் பருத்து நிரப்பியதைத் தள்ளிவிடும். இரு குழாய் எப்பொக்சிப் பசையை (அறல்டைற் வகை) சம அளவில் கலந்து, கொஞ்சம் மேடாக நிரப்பி, அடுத்த நாள் 80, 180, 320 என அரத்தாளால் இறக்குவது. நிரப்புவதை விடிகாலையில் செய்ய வேண்டும். குளிரில் வெடிப்பு முழுதாக விரிந்து நிற்கும். அப்போது நிரப்பினால் பகலில் அழுத்தம் மட்டுமே வரும். மத்தியானம் நிரப்பினால் மார்கழியில் திரும்ப வாய் பிளக்கும்.

கம்பியிலோ நடுக் குமிழியின் (வளையம் தண்டில் பூட்டும் இடம்) பல்லிலோ வெடிப்பென்றால் இவ்வளவும் வீண். வேறு வளையம் தேடுங்கள்.

ஜூலை 19

கிறில் பெயின்ர் முடிந்து பூட்டியாயிற்று. திருகுகளுக்கு அடியில் றப்பர் வாசர், கையால் இறுக்கிய பின் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பிரதி (அசலல்லாத) கிறில் வாங்கியிருந்தால் காதுத் துளைகளை அரத்தால் அகலிக்க நேர்ந்திருக்கும், அநேகமாகப் பொலிபுரொப்பிலீனாகவும் இருக்கும். அதற்கென்ற பிறைமர் அடிக்காமல் பெயின்ர் நிற்காது.

பின் விளக்கு லென்ஸ் ஒன்றும் வந்தது. அது அக்கிரிலிக். ரின்னர், பெற்றோல் எதுவும் கிட்டே போகக்கூடாது, நுண்வெடிப்பு வலைபோலப் பரவும். மயிர்வெடிப்பென்றால் உட்பக்கம் தெளிந்த எப்பொக்சி மெல்லிதாகப் போதும். துண்டு போயிருந்தால் வெள்ளை வெளிச்சம் பின்னால் கசியும். சிவப்பு ரேப்பெல்லாம் ஒரு மாரிக்குத்தான், புது லென்ஸ் வாங்குங்கள். வாங்கமுன் பல்பைப் பாருங்கள். 21/5 வோற் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் கூடிய வோற் பல்பு மாட்டியிருந்தால் புது லென்ஸும் உருகும்.